தூக்கத்திலும் ஓடிய நாடி

அவர் முதல் தடவை என்னிடம் வந்தது ஒரு பிப்ரவரி மாதம், சாயங்கால ஓ.பி.யில். வயது 23. மதுரைக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில், பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையில் பழுதுபார்க்கும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நரம்புத் தளர்ச்சி சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

அவருடைய பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் அவரேதான்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் நம் ஊர் இளைஞர்களின் வாயில் வரும்போது அதற்குள் பெரிய பாரம் இருக்கிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் ஓர் இளைஞர் முதலில் தன்னைத்தான் குற்றவாளியாக்குகிறார். சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் விந்து வீணாகி நரம்பு தளர்ந்துவிட்டது என்று நம்புகிறார். மருத்துவத்தில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இந்தப் பயம் உண்மையானது. 1960-இல் மனநல மருத்துவர் என். என். விக் இதற்கு 'தாத் நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்; 'தாத்' என்பது இங்கே விந்தைக் குறிக்கும். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் லாட்ஜ் வைத்தியர்களின் நோட்டீஸ்கள் இந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. இவரும் என்னிடம் வருவதற்கு முன்பே அப்படி ஒருவரிடம் லேகியத்துக்கும் பொடிக்கும் 18,000 ரூபாய் கொடுத்திருந்தார். அதை இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

முதல் நாள் நான் கேட்டதும் பார்த்ததும் இவ்வளவுதான்: மூன்று மாதமாகப் படபடப்பு. கூட்டமான இடத்துக்குப் போனால் மூச்சு முட்டுகிறது. ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் தூக்கம். போர்டில் சால்டரிங் வைக்கும்போது கை நடுங்குகிறது. ஒரு வாடிக்கையாளரின் விலை உயர்ந்த போனைக் கெடுத்துவிட்டதால் முதலாளி திட்டியிருக்கிறார். அன்றிலிருந்துதான் எல்லாம் அதிகம் என்று அவரே சொன்னார். நாடி நிமிடத்துக்கு 112. டாக்டரைப் பார்த்த பயம் என்று எடுத்துக்கொண்டேன். பதட்டக் கோளாறு என்று சீட்டில் எழுதி, பிரப்ரனலாலும் இரண்டு வாரத்துக்குத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து, "பயப்படாதீங்க தம்பி, சரியாயிடும்" என்று அனுப்பினேன்.

எடை பார்க்கவில்லை. கழுத்தைத் தொடவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

பிரப்ரனலால் வேலை செய்தது. சிக்கலே அதுதான். அந்த மருந்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். வேகத் துடிப்பும் நடுக்கமும் பதட்டத்தாலும் வரலாம், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரப்பதாலும் வரலாம். இரண்டிலும் பிரப்ரனலால் கேட்கும். மூன்று வாரம் கழித்து அவர் போனில் "கொஞ்சம் பரவாயில்லை சார்" என்றபோது, என் கணிப்பு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக்குக் கேட்டதால் மட்டும் நோய் இன்னதென்று முடிவாகிவிடாது. படித்ததுதான், அன்று மறந்துவிட்டேன்.

ஏப்ரலில் அவருடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். மகன் பேசத் தயங்கிய இடத்திலெல்லாம் அந்த அம்மா பேசினார். "டாக்டரய்யா, இவன் ரெண்டு ஆள் சோறு சாப்பிடுறான். ஆனா சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. ராத்திரி ஃபேன் காத்து பத்தலைன்னு மொட்டை மாடிக்குப் போயிடுறான். மாசி மாசக் குளுர்லயே போர்வை வேண்டாம்னுட்டான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கவலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகச் சாப்பாடு இறங்காது. சிலர் அதிகம் சாப்பிடுவார்கள். அப்போது எடை கூடும். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்றால் உடம்பு எரிபொருளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடைக்கருவியில் 59 கிலோ காட்டியது. போன தீபாவளிக்கு 67 இருந்ததாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மலம் கழிக்கிறார், அதையும் பயத்தால்தான் என்று நினைத்திருக்கிறார். இரத்த அழுத்தம் 142/60. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்ததும் கவனிக்க வேண்டிய ஒன்று.

கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. பதட்டத்தில் இருப்பவரின் உள்ளங்கையும் வியர்க்கும். ஆனால் பெரும்பாலும் சில்லென்று இருக்கும், ஏனென்றால் பயத்தில் தோலுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். தைராய்டு அதிகமானால் அவை விரியும், கை சூடாகும். பழைய ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வித்தியாசம் இது. பரிசோதனைக் கூடம் வேண்டாம், கை குலுக்கினாலே போதும்.

அவருக்கு அடர்த்தியான தாடி. கழுத்தின் மேல்பாதியை அது மறைத்திருந்தது. காலர் பட்டனைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னேன். குரல்வளைக்குக் கீழே மெத்தென்ற வீக்கம் ஒன்று மேலே ஏறி இறங்கியது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இரத்தம் வேகமாக ஓடும் 'உஸ்' சத்தம். கண்களின் மேல் இமை கொஞ்சம் தூக்கியிருந்தது. "கடைக்கு வர்றவங்க, ஏன் தம்பி முறைக்கிறன்னு கேக்குறாங்க சார்" என்றார். அவர் யாரையும் முறைக்கவில்லை.

சரி, இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பிரப்ரனலாலை இரண்டு நாள் நான் சொன்னபடி நிறுத்திவைத்து, மகன் நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு நிமிடம் முழுக்க எண்ணி எழுதிவரச் சொன்னேன். பயம் தூங்கும்போது அடங்கிவிடும். பதட்டத்தால் துடிக்கும் இதயம் ஆழ்ந்த தூக்கத்தில் 60, 70 என்று இறங்கும். தைராய்டுக்கு அந்த ஓய்வு கிடையாது. அந்த அம்மா ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்: ராத்திரி 2 மணி, 108. மூணரை மணி, 104. மறுநாள் 3 மணி, 110. பக்கத்திலேயே, 'நல்லா தூங்குறான்' என்று ஒரு குறிப்பு.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டி.எஸ்.எச். ஹார்மோன் 0.01-க்கும் கீழே (இயல்பு சுமார் 0.4 முதல் 4 வரை). தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 4.2, அந்தப் பரிசோதனைக் கூடத்தின் மேல் எல்லை 1.8. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தம். முடிந்தது என்று நினைத்தபோது அவர் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். முடி கொட்டுகிறது என்று கடையில் கேட்டு வாங்கிய பயோட்டின் என்ற வைட்டமின், தினமும் 10 மில்லிகிராம்.

இதை இன்னும் பலர் அறியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல பரிசோதனைக் கூட இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. நோயாளியின் இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் அந்தப் பசை கலங்கிவிடும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அதாவது, தைராய்டு நன்றாக இருப்பவருக்கும் அறிக்கை தைராய்டு நோய் என்று சொல்லும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. முடிக்காகப் பயோட்டின் எடுக்கும் இளைஞர்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆகவே மூன்று நாள் அதை நிறுத்தச் சொல்லி, திரும்ப இரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். அதே நிலை, ஃப்ரீ டி4 4.0. தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருளும் அதிகம். இ.சி.ஜி.யில் வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானது. முடி கொட்டியதற்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"தைராய்டு பொம்பளைங்களுக்குத்தானே சார் வரும்?" என்று கேட்டார். கிரேவ்ஸ் நோய் பெண்களுக்கு ஐந்து முதல் பத்து மடங்கு அதிகமாக வருகிறது. அதனாலேயே ஆண்களிடம் நாங்கள் தேடுவதில்லை. அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்கு 1991-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி, அப்புறம்தான் கிரேவ்ஸ் நோய் தெரியவந்தது. ஆண்களுக்கே அதிகம் வரும் ஒரு சிக்கலும் இதில் உண்டு. தைராய்டு கூடிய ஆசிய இளைஞர்கள் சிலருக்கு, இரவு வயிறு நிறையச் சோறோ பரோட்டாவோ சாப்பிட்டுப் படுத்தால், காலையில் காலைத் தூக்க முடியாமல் போகும். இரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் தசைக்குள் போய்விடுவதால் வருவது. நல்லவேளை, இவருக்கு அது வரவில்லை. ஆனாலும் கேட்டுவைத்தேன், எச்சரித்தும் வைத்தேன்.

இனி, ஒரு சுரப்பி எப்படிப் பயமாக மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வழக்கமாக மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற கட்டளையை அனுப்பும்; அதைக் கேட்டுத் தைராய்டு சுரக்கும்; போதும் என்றானதும் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். கிரேவ்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறான எதிர்ப்பொருள் ஒன்றை உண்டாக்குகிறது. பிட்யூட்டரி அனுப்பாத கட்டளையை அது இரவும் பகலும் அனுப்பிக்கொண்டிருக்கும். கூடுதல் தைராய்டு ஹார்மோன் இதயத்தில் அட்ரினலினை வாங்கும் இடங்களை அதிகமாக்குகிறது. இரத்தத்தில் அட்ரினலின் கூடியிருக்காது. ஆனால் அதே அளவு அட்ரினலினுக்கே இதயம் முன்பைவிட அதிகமாகத் துள்ளும். நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. இது பயத்தின் அச்சு அசல் உடல்மொழி. மூளை, 'ஏன் இப்படி?' என்று காரணம் தேடும். கெட்டுப்போன போன், திட்டிய முதலாளி, லாட்ஜ் வைத்தியர் சொன்ன வார்த்தை, எது அகப்படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் இந்த நோயை விவரித்தபோது, 20 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருடைய தொல்லைகளை எல்லோரும் 'ஹிஸ்டீரியா' என்றே எண்ணியிருந்தார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் அவருடைய நாடி அசாதாரண வேகத்தில் ஓடுவதைக் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை அன்று இரவு திரும்பப் படித்தேன். இங்கே என் நோயாளிக்கும் அதேபோல்தான் நடந்தது. கிட்டத்தட்ட 190 வருடம் ஆகியும் நாம் அதே இடத்தில் தடுக்கி விழுகிறோம்.

மூன்றாவது சந்திப்பில், அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவர் இன்னொரு அறிக்கையை நீட்டினார். இணையத்தில் வீடியோ பார்த்து, தனியாகப் போய்ச் செய்துகொண்ட டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை. லாட்ஜ் வைத்தியர் ஆண்மைக்குறைவு என்றார். அறிக்கையோ 1,180 என்று சிவப்பு எழுத்தில், அளவுக்கு அதிகம் என்றது. சட்டையை விலக்கி இடது மார்புக் காம்புக்குக் கீழே வலிக்கும் ஒரு சிறு கட்டியையும் காட்டினார். "பொம்பளையா மாறிடுவேனா சார்?" என்று கேட்டபோது அவருடைய குரல் உடைந்தது. ஆறு மாதமாக அந்தக் கேள்வியை அவர் தனியாகவே சுமந்திருக்கிறார். குளத்தில் குளிக்கப் போவதை நிறுத்தியிருந்தார். நண்பர்களுடன் கிரிக்கெட்டையும்.

இதுவும் தைராய்டின் வேலைதான். தைராய்டு ஹார்மோன் அதிகமானால், பாலியல் ஹார்மோன்களைக் கட்டிச் சுமக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோன் அதில் ஒட்டிக்கொள்வதால் மொத்த அளவு உயர்ந்து தெரியும். உடம்புக்கு உண்மையில் பயன்படும் கட்டற்ற பகுதி கூடாது. ஈஸ்ட்ரோஜனின் பங்கு மட்டும் ஒப்பீட்டளவில் மேலேறுவதால் சிலருக்கு மார்பில் இப்படிக் கட்டி வரும். தைராய்டு சரியானால் பெரும்பாலும் கரையும். பயோட்டின் நிறுத்தியபின் திரும்பப் பார்த்தபோதும் மொத்த அளவு 1,000-க்கு மேல்தான். கட்டற்ற அளவு இயல்பு. ஆணின் ஹார்மோன் என்றாலே டெஸ்டோஸ்டிரோன் மட்டும் என்று இன்று இளைஞர்களிடம் ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது உண்மையிலேயே குறைந்தால் சோர்வும் மனச்சோர்வும் எரிச்சலும் வரலாம்தான். ஆனால் முறையான சோதனை இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டால் விந்தகம் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் அடங்கிவிடும். அந்த வீடியோவின் கீழேயே அப்படி ஒரு ஊசிக்கு விளம்பரம் இருந்ததாம். இவர் அதை வாங்காமல் விட்டதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

தைராய்டு சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை 30 மில்லிகிராமில் தொடங்கினோம், கூடவே பிரப்ரனலால். கார்பிமசோல் ஆயிரத்தில் சிலருக்கு வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைக்கும்; தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டிலும் எழுதி, அம்மாவிடமும் சொன்னேன். ஜூனில் ஒரு தடவை காய்ச்சல் வந்தது. காலை ஆறு மணிக்கே வந்து நின்றார்கள். வெள்ளணுக்கள் சரியாக இருந்தன. சிகரெட்டையும் விடச் சொன்னேன், கிரேவ்ஸ் நோயில் கண் கெடுவதற்கு அது பெரிய காரணம். படபடப்பை அடக்க அவர் பிடித்த சிகரெட் நாளுக்குப் பத்தாகியிருந்தது.

கார்பிமசோல் புது ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கும். சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருப்பது வடியச் சில வாரம் ஆகும். எட்டாவது வாரம் ஃப்ரீ டி4 இயல்புக்கு வந்தது. நாடி 78. நான்கு கிலோ கூடியிருந்தார். டி.எஸ்.எச். மட்டும் இன்னும் தரையிலேயே இருந்ததைப் பார்த்துப் பயந்தார். பிட்யூட்டரி விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும் என்று விளக்கினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த அந்த வாரத்தில்தான் அவர் இரவு பதினொரு மணிக்கு 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸுக்கு, அழைத்துப் பேசியிருக்கிறார். பேருந்தில் தனியாக ஏற முடியவில்லை. படியேறி நெஞ்சு கொஞ்சம் அடித்தாலும், 'திரும்ப வந்துருச்சு' என்று உட்கார்ந்துவிடுகிறார். இரத்தத்தில் ஹார்மோன் சரி. ஆனால் ஆறு மாதம், இதயம் அடித்தால் ஆபத்து என்று மூளை பழகிக்கொண்டது. அந்தப் பழக்கத்தைக் கார்பிமசோல் அழிக்காது.

இந்த நோயாளியைப் பற்றி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். 'மனசா, உடம்பா' என்று கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து மற்றதைக் கைவிடுவது பிழை. பிப்ரவரியில் மனசு என்று சொல்லி உடம்பை விட்டேன். ஜூனில் உடம்பு என்று சொல்லி மனசை விடப் பார்த்தேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரிடம் அனுப்பினோம். அவர் செய்ததைக் கேட்டால் எளிமையாக இருக்கும், செய்வது கஷ்டம். தைராய்டு அடங்கியதையும் இதயம் நன்றாக இருப்பதையும் என்னிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மாடிப்படியில் வேகமாக ஏறச் சொல்லி, நெஞ்சு அடிக்கும்போது ஓடாமல் அங்கேயே நின்று, அது தானாக இறங்குவதைக் கவனிக்கச் சொன்னார். வாரம் மூன்று நாள். அப்புறம் ஒரு நிறுத்தம் வரை பேருந்து. அப்புறம் மூன்று நிறுத்தம். மருந்தே இல்லாமல் நடந்த இந்தப் பகுதிதான் அவரைக் கடையில் திரும்ப உட்கார வைத்தது என்பேன்.

பதட்டத்தோடு வரும் பெரும்பாலான இளைஞர்களுக்குத் தைராய்டு நன்றாகவே இருக்கிறது. அவர்களுடைய பதட்டம் அதனால் சின்னதாகிவிடாது. அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் இதற்கு முன் அப்படி இல்லாத ஒருவருக்குப் புதிதாகப் பதட்டம் வந்து, எடை இறங்கி, கை சூடாக இருந்து, தூக்கத்திலும் நாடி அடங்கவில்லை என்றால், சில நூறு ரூபாய்ப் பரிசோதனையை மறுக்கக் கூடாது. அந்த ஏப்ரலுக்குப் பிறகு, படபடப்பு என்று வரும் ஒவ்வொருவரையும் எடைக்கருவியில் ஏற்றிவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறேன்.

போன மாதம் வந்திருந்தார். சிகிச்சை தொடங்கிப் பதினொரு மாதம். மாத்திரை 5 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது. வழக்கமாக 12 முதல் 18 மாதம் கொடுத்து நிறுத்திப் பார்ப்போம், நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். வந்தால் ரேடியோ அயோடினோ அறுவைச் சிகிச்சையோ இருக்கிறது. மார்பில் இருந்த கட்டி கரைந்துவிட்டது. எடை 68. இப்போது சார்ஜிங் ஐ.சி. மாற்றும் வேலையை முதலாளி இவரிடம்தான் கொடுக்கிறாராம். நுனி ஊசி மாதிரி இருக்கும் ட்வீசரால் அரிசி மணியில் கால்வாசி கூட இல்லாத பாகங்களை எடுத்து வைக்கும் வேலை.

கிளம்பும்போது கதவருகே நின்று, வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார்: "அம்மா இன்னும் ராத்திரி எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சு எண்ணுது சார். எனக்கு முழிப்பு வந்துரும். ஆனா தூங்குற மாதிரியே படுத்திருப்பேன்."

அந்த அம்மா நோட்டையும் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: ராத்திரி 2.10. 66. நல்லா தூங்குறான்.